கோடை நெல்லில் பதர், கடையில் ‘புரத டானிக்’: செல்லுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

பதர்க்காரன் (நீடாமங்கலம்), இரவு 8.40

வணக்கம். ஆறு மாதமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இன்று வயிற்றெரிச்சலோடு எழுத வந்திருக்கிறேன்.

அப்பா இந்த ஆண்டு போர் தண்ணீரை நம்பி 9 மாவில் கோடை நெல் போட்டார். 110 நாள் ரகம். பயிர் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. கத்திரி வெயில் தொடங்கிய அதே வாரத்தில் பூத்தது. இருபது நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் கதிர் தலை சாயவே இல்லை, விறைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினேன். பாதிக்கு மேல் பறந்துபோயிற்று. இலை மட்டும் கடைசி வரை பச்சை. வரப்புக்கு அந்தப் பக்கம் சித்தப்பா வயல். அதே ரகம், அதே வாரம் நடவு. அவருக்குப் பதர் குறைவு.

பூ எடுக்கும் நேரத்தில் அப்பா ஒரு கடையில் 2 பாட்டில் டானிக் வாங்கி அடித்திருக்கிறார். ‘வெப்ப அதிர்ச்சிப் புரதம் கலந்தது, செல்லைக் காக்கும் சாப்பரோன்’ என்று அதில் அச்சிட்டிருக்கிறது. “அடித்த மூன்றாம் நாள் பயிர் குளிர்ந்துவிடும்” என்று கடைக்காரர் சொன்னாராம்.

அப்படி ஒரு புரதம் உண்மையிலேயே உண்டா? உண்டென்றால், அடித்தும் ஏன் பதர்?

சந்தேகி, இரவு 8.52

பாட்டிலில் வாயில் நுழையாத பெயர் இருந்தால் விலை இரண்டு மடங்கு. இதில் ஆராய என்ன இருக்கிறது? அப்படி ஒரு புரதமே கிடையாது.

நெறியாளர், இரவு 8.55

முதல் பதிவில் இருந்த கடையின் பெயரையும் டானிக்கின் பெயரையும் நீக்கியிருக்கிறேன். இழை தொடரட்டும்.

வெண்ணாறு (தஞ்சாவூர்), இரவு 9.20

தம்பி, முதலில் வயலைப் பார்ப்போம், புரதம் பிறகு வரட்டும். நான் வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன்.

நெற்பூ முற்பகலில் திறக்கும். ஒரு பூ திறந்திருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிக்காது. வெடித்தாலும் மகரந்தம் சூல்முடியில் விழுந்து முளைப்பது குறையும். கரு உருவாகவில்லை என்றால் உமி மட்டும்தான் மிச்சம். கத்திரி வெயிலில் முற்பகலிலேயே 35 டிகிரி வந்துவிடுகிறது. ஆகவே இலை பச்சையாக இருந்ததிலும் கதிர் பதராகப் போனதிலும் முரண் எதுவும் இல்லை.

சித்தப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: பூ எடுத்த அந்தப் பத்து நாளும் வயலில் தண்ணீர் நின்றதா? நின்றிருந்தால் பயிர் நன்றாக நீராவி விட்டிருக்கும், கதிரைச் சுற்றியுள்ள காற்றைவிடக் கதிர் சற்றுக் குளிர்ச்சியாக இருந்திருக்கும். ஓரிரு டிகிரி வித்தியாசம் அந்த ஒரு மணி நேரத்தில் பெரிய வித்தியாசம்.

பதர்க்காரன், இரவு 9.34

கேட்டுவிட்டேன். அவருடைய மோட்டார் ஓடிக்கொண்டே இருந்ததாம். எங்களுடையது அந்த வாரம் காயில் எரிந்து நான்கு நாள் பட்டறையில் கிடந்தது. அப்பா இதை என்னிடம் சொல்லவே இல்லை.

கொள்ளிடக்கரை (சீர்காழி), இரவு 10.15

வெண்ணாறு ஐயா சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். சந்தேகி அண்ணன் சொன்னதோடு உடன்பட முடியவில்லை. புரதம் உண்டு, அது பாட்டிலில் இருக்கிறது என்பதுதான் பொய். உயிர்வேதியியலில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள் நான். இதுதான் என் அன்றாட வேலை என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு நூல். நூலாகவே கிடந்தால் அதனால் பயனில்லை. குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்தால்தான் வேலை செய்யும். அந்த நூலில் தண்ணீரோடு ஒட்டாத, எண்ணெய்க் குணமுள்ள பகுதிகள் உண்டு. சரியாக மடிந்த புரதத்தில் அவை உள்ளே ஒளிந்திருக்கும். வெப்பம் ஏறினால் மடிப்பு தளர்கிறது, அந்தப் பகுதிகள் வெளியே தெரிகின்றன. பக்கத்துப் புரதத்திலும் அதே கதை. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, மூன்றாவது வந்து சேர்கிறது, கடைசியில் கட்டி. முட்டையின் வெள்ளைக்கரு வெந்து வெளுப்பது இதனால்தான். ஆற வைத்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது, இல்லையா?

செல்லுக்குள் எவ்வளவு நெரிசல் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு லிட்டர் செல் சாறு என்று கற்பனை செய்தால் அதில் ஏறத்தாழ 300 கிராம் புரதம் இருக்கும். காலை எட்டரை மணிக்கு மன்னார்குடி பஸ்ஸில் ஒருவர் குடையை விரித்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஒரு புரதம் தளர்ந்தால் ஆகும்.

இந்த ஒட்டுதலைத் தடுக்கவே செல்லில் தனியாக ஒரு புரதக் கூட்டம் இருக்கிறது. அவற்றைத்தான் சாப்பரோன்கள் என்கிறோம். வெப்பம் ஏறும்போது செல் இவற்றில் பலவற்றை அவசரமாகக் கூடுதலாகத் தயாரிப்பதால் ‘வெப்ப அதிர்ச்சிப் புரதம்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. கண்டுபிடித்த கதையே வேடிக்கையானது. இத்தாலியில் ஃபெருச்சியோ ரித்தோசா என்பவர் பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிச் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். யாரோ அடைகாப்புப் பெட்டியின் வெப்பத்தைக் கூட்டிவிட்டார்கள். மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தபோது குரோமோசோமில் முன்பு இல்லாத இடங்களில் உப்பல்கள் தெரிந்தன. அங்கே மரபணுக்கள் புதிதாக விழித்துக்கொண்டிருந்தன. பெயர்பெற்ற ஓர் ஆய்விதழ் இதற்கு உயிரியல் முக்கியத்துவம் இல்லை என்று கட்டுரையைத் திருப்பியனுப்பிவிட்டது. 1962இல் வேறோர் இதழில் வந்தது. அந்த மரபணுக்கள் தயாரிப்பது என்ன புரதம் என்று தெரிய 1974 ஆயிற்று.

சந்தேகி, இரவு 10.31

சரி, புரதம் உண்டு, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. பள்ளியில் 28 ஆண்டு வேதியியல் நடத்தியவன் நான். அன்ஃபின்சன் என்ற வேதியியலாளர் ஒரு நொதியைச் சோதனைக் குழாயில் பிரித்துப் போட்டு, அது எந்த உதவியும் இல்லாமல் தானே மடிந்ததைக் காட்டினார். 1972இல் நோபல் பரிசும் பெற்றார். வடிவம் முழுவதும் அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறதென்றால் துணை எதற்கு? வடிவத்தைக் கற்றுக்கொடுக்க ஆசிரியர் வேண்டும் என்றால் அன்ஃபின்சன் தவறா?

கொள்ளிடக்கரை, இரவு 10.58

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. அன்ஃபின்சன் தவறில்லை. சாப்பரோன் வடிவத்தைக் கற்றுக்கொடுப்பதும் இல்லை.

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துக்கொள்ளுங்கள். தேரை இழுப்பது வடம் பிடித்தவர்கள். எந்த வீதி என்பது ஏற்கெனவே முடிவானது. சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு ஓடுபவர்கள் ஒரு முழமும் இழுப்பதில்லை. தேர் வீட்டுச் சுவர்ப் பக்கம் சாயும்போது கட்டையைக் கொடுக்கிறார்கள், சரியானதும் உருவிவிடுகிறார்கள். கொடுப்பது, உருவுவது, மீண்டும் கொடுப்பது. எச்எஸ்பி70 என்ற சாப்பரோன் (எச்எஸ்பி என்பது வெப்ப அதிர்ச்சிப் புரதத்தின் ஆங்கிலச் சுருக்கம்) செய்வது ஏறத்தாழ இதுதான். வெளியே தெரியும் எண்ணெய்ப் பகுதியைப் பிடித்துக்கொள்ளும், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து விடுவிக்கும். விட்ட நொடியில் அந்தப் புரதம் தானே மடிய ஒரு வாய்ப்புக் கிடைக்கும். மடியவில்லையா, மறுபடி பிடி. எந்த இடத்தில் கட்டை போட வேண்டும் என்று காட்டிக்கொடுக்க எச்எஸ்பி40 என்ற இன்னொன்று கூடவே ஓடும்.

அன்ஃபின்சனின் குழாயில் நெரிசல் இல்லை, வெப்பமும் அளவாக இருந்தது. காலி மைதானத்தில் தேர் ஓட்டியது போல.

திருவாரூர்த் தேரடி, இரவு 11.05

எங்கள் தேரை அறிவியலில் சேர்த்ததற்கு நன்றி. இப்போது ஹைட்ராலிக் பிரேக் வந்துவிட்டது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஆனாலும் முட்டுக்கட்டை இல்லாமல் தேர் திரும்பாது.

தமிழாசிரியை (கும்பகோணம்), காலை 6.10

காலைக் காபியோடு முழு இழையையும் வாசித்தேன். ‘சாப்பரோன்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? பாடநூலுக்கு வெளியே எழுதுபவர்கள் ‘துணைப் புரதம்’ என்கிறார்கள். எதற்கும் பொருந்துவது எதையும் சொல்லாது. ‘தோழிப் புரதம்’ என்றும் ஒரு கட்டுரையில் கண்டேன். அது நேர் எதிர்! அகப்பாட்டில் தோழி என்ன செய்கிறாள்? பகற்குறிக்கும் இரவுக்குறிக்கும் இடம் சொல்லித் தலைவியையும் தலைவனையும் சேர்த்துவைக்கிறாள். சேரக் கூடாதவை சேராமல் காவல் காப்பவள் தலைவியை வளர்த்த தாயான செவிலி அல்லவா?

கொள்ளிடக்கரை, காலை 7.02

டீச்சர், இதைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உரிய பொருளே அதுதான். மணமாகாத பெண்களோடு கூடப் போய்த் தகாத சேர்க்கை நேராமல் பார்க்கும் மூத்த பெண். 1978இல் ரான் லாஸ்கியின் குழு தவளை முட்டைச் சாற்றில் ஒரு புரதத்தைக் கண்டது. டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதமான ஹிஸ்டோனும் டிஎன்ஏவும் எதிரெதிர் மின்னூட்டம் உள்ளவை, அருகருகே விட்டால் கண்டபடி ஒட்டிக்கொள்ளும். அந்தப் புரதம் நடுவில் நின்று ஒழுங்காகச் சேரவைத்தது. அதற்குத்தான் முதலில் இந்தப் பெயர். 1987இல் ஜான் எல்லிஸ் அதை ஒரு புரத வகைக்கே பொதுப்பெயர் ஆக்கினார். உதவி செய்யும், ஆனால் முடிந்த கட்டமைப்பில் பங்காக இருக்காது என்பதை வரையறையிலேயே வைத்தார்.

தமிழாசிரியை, காலை 7.20

அப்படியானால் செவிலியேதான். மணம் முடிந்த பின் செவிலி தலைவியின் வீட்டில் தங்கமாட்டாள். போய்ப் பார்த்து, நன்றாகக் குடும்பம் நடத்துகிறாள் என்று பெற்ற தாயான நற்றாயிடம் வந்து சொல்வாள். தோழி செவிலியின் மகள் என்பதும் மரபு. ஆகவே அந்த எச்எஸ்பி40ஐ வேண்டுமானால் தோழி என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்னொன்று. காபிக்குப் பால் காய்ச்சும்போது தோன்றியது: முட்டை கொதித்தால் இறுகுகிறது. பால் கொதித்தால் ஏன் திரிவதில்லை? பாலிலும் புரதம்தானே?

கொள்ளிடக்கரை, காலை 7.48

இந்தக் கேள்வியை எங்கள் ஆய்வகத்துக்கு எடுத்துப் போகிறேன், எல்லாரும் ஒரு நிமிடம் விழிப்பார்கள்.

பாலில் பெரும்பங்கு கேசின். அது இறுக மடிந்த வடிவம் இல்லாத தொளதொளப்பான புரதம். மடிப்பே இல்லாதபோது வெப்பம் எதைக் குலைக்கும்? பாலில் மடிந்த புரதங்களும் உண்டு. அவை வெப்பத்தில் தளரும்போது கேசினே அவற்றைப் பிடித்துக் கட்டியாகாமல் பார்த்துக்கொள்கிறது. கேசினுக்குச் சாப்பரோன் குணம் உண்டு. நேற்றைய பாலைக் காய்ச்சினால் திரிவது புளிப்பு ஏறியதால். கேசின் துகள்களை விலக்கி நிறுத்தியிருந்த மின்னூட்டம் அமிலத்தில் மறைந்துவிடுகிறது. தயிரும் அதே வழிதான், நாம் விரும்பிச் செய்வது.

கண்ணாடிக்காரர் (மயிலாடுதுறை), காலை 9.30

கண் பரிசோதனை செய்து கண்ணாடி போட்டுக்கொடுப்பது என் தொழில். என் பக்கத்திலிருந்து ஒன்று.

சென்ற வாரம் ஒரு பாட்டி வந்தார். விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் கருவிழியின் நடுவில் சாம்பல் நிறம், வேகவைத்த முட்டையின் ஓரம்போல. “புரை பழுக்கட்டும், அப்புறம் எடுத்துக்கொள்கிறேன்” என்கிறார். (பழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதை இங்கும் சொல்லி வைக்கிறேன்.) அந்தச் சாம்பல் நிறம் புரதக் கட்டிதான்.

கண் லென்சின் நடுவில் இருக்கும் செல்கள் நாம் பிறப்பதற்கு முன்பே உருவானவை. அவற்றுக்கு உட்கரு கிடையாது, புதுப் புரதம் தயாரிக்க வழி இல்லை. தாயின் வயிற்றில் கிடைத்த புரதத்தோடு எண்பது ஆண்டு ஒளி ஊடுருவும்படி இருக்க வேண்டும். அங்கே காவல் காப்பது ஆல்ஃபா கிரிஸ்டலின் என்ற புரதம். அது சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது, சாப்பரோன் போல வேலை செய்கிறது என்று 1992இல் காட்டினார்கள். ஏடிபி கேட்காது. தளர்ந்த புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிடித்ததை விட முடியாது, புதிதாகவும் வராது. நடுவயதுக்குள் லென்சின் மையத்தில் கரைந்த நிலையில் இருக்கும் இருப்பு பெருமளவு தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு நடப்பதற்குக் காவல் இல்லை.

பதர்க்காரன், காலை 10.05

கண்ணாடிக்காரர் ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கும் இடது கண்ணில் புகைச்சல் இருக்கிறது. நெல்லை விட்டுவிட்டுக் கண்ணைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

நெல்லுக்கு வருகிறேன். நெற்பயிரிலும் இந்தச் சாப்பரோன் இருக்கிறது என்றால், அது ஏன் எங்கள் பூவைக் காப்பாற்றவில்லை?

கொள்ளிடக்கரை, காலை 11.40

நியாயமான கேள்வி. நெல்லில் இவை ஏராளம். எல்லிஸ் முதலில் கவனித்ததே இலையின் பசுங்கணிகத்தில் ரூபிஸ்கோ என்ற புரதத்தைச் சேர்க்க உதவும் ஒன்றைத்தான். உங்கள் வயலில் இலைகளில் மிக அதிகமாக இருக்கும் புரதம் ரூபிஸ்கோ. அதன் 8 பெரிய துண்டுகளும் 8 சிறிய துண்டுகளும் சாப்பரோன் இல்லாமல் ஒழுங்காகக் கூடாது. அந்த உதவியாளரின் அமைப்பு நம் வீட்டுப் பத்தாயம் போன்றது. ஏழு பலகை கொண்ட வளையம் இரண்டு, முதுகோடு முதுகு ஒட்டி. பாக்டீரியாவில் இருக்கும் அதன் உறவுக்கார அமைப்பில் தளர்ந்த புரதம் உள்ளே விழுந்ததும் மேலே மூடி விழும். சுமார் 10 வினாடி தனியறை. மடிந்தாலும் மடியாவிட்டாலும் கதவு திறந்துவிடும். மடியாதது மீண்டும் வரிசையில் வர வேண்டியதுதான்.

ஆபத்து வந்திருக்கிறது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது என்பதும் அழகான ஏற்பாடு. சாதாரண நாளில் சாப்பரோன்கள் வெப்ப அதிர்ச்சிக் காரணி என்ற புரதத்தையும் சேர்த்துப் பிடித்து அடக்கி வைத்திருக்கும். வெயில் ஏறித் தளர்ந்த புரதங்கள் பெருகினால் சாப்பரோன்கள் அங்கே ஓடிவிடும். கைவிடப்பட்ட காரணி மூன்று மூன்றாகச் சேர்ந்து உட்கருவில் மரபணுக்களை விழிக்க வைக்கும், மேலும் சாப்பரோன்கள் பிறக்கும். மனிதனில் இந்த வேலையை முதன்மையாகச் செய்வது ஒரு காரணி. ஓட முடியாத நெல்லில் அந்தக் குடும்பத்தில் 25 உறுப்பினர்கள்.

இனி உங்கள் பூ. இந்த எதிர்வினை எல்லாத் திசுக்களிலும் ஒரே வலிமையோடு இல்லை. இலை மளமளவென்று சாப்பரோன் தயாரிக்கும். பல பயிர்களில் முதிர்ந்த மகரந்தத்தால் அது முடியாது. ஆகவே இலை பிழைத்தது, மகரந்தம் கெட்டது. அதோடு நேரமும் வேண்டும். நாற்றை முதலில் மிதமான சூட்டில் ஓரிரு மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு கொல்லும் சூட்டில் வைத்தால் பிழைக்கிறது, நேரடியாக வைத்தால் சாகிறது. இடைவெளியில் சாப்பரோன் சேர்ந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் மட்டும் திறக்கும் பூவுக்கு அந்த அவகாசம் எங்கே?

சந்தேகி, பகல் 12.10

கட்டியாகிவிட்டால் முடிந்த கதையா? வெந்த முட்டையைப் பச்சை முட்டை ஆக்க முடியாது என்றுதான் இதுவரை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

கொள்ளிடக்கரை, பகல் 12.45

செல்லுக்குள் ஓரளவு முடியும். ஈஸ்ட்டில் எச்எஸ்பி104, பயிர்களில் எச்எஸ்பி101. ஆறு துண்டு சேர்ந்த வளையம். எச்எஸ்பி70 கட்டியின் ஒரு நுனியைக் காட்ட, இது அந்த நூலை நடுத்துளை வழியாக உருவி எடுக்கும். பேத்தியின் தலையில் சிக்கெடுக்கும் பாட்டியைப் போல, நுனியிலிருந்து பொறுமையாக. எச்எஸ்பி101 இல்லாத அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் செடியை முன்கூட்டியே மிதமான சூட்டில் பழக்கினாலும் அது கடும் வெப்பத்தைத் தாங்குவதில்லை. நம் உடல் செல்களின் சைட்டோபிளாசத்தில் இந்த வளையம் இல்லை. வேறு மூன்று சாப்பரோன்கள் கூட்டாகச் சேர்ந்து மெதுவாகச் செய்கின்றன.

காப்பாற்ற முடியாததை அழிப்பதும் ஒரு வழி. 2015இல் ஆப்பிரிக்க நெல்லிலிருந்து வெப்பம் தாங்கும் ஒரு மரபணுவைக் கண்டறிந்தார்கள். அது சாப்பரோன் அல்ல, குலைந்த புரதங்களை அரைத்துத் தள்ளும் புரோட்டியசோமின் ஒரு துண்டு.

வெண்ணாறு, மாலை 4.30

நம் நாட்டு நாகினா 22 ரகத்தை வெப்பம் தாங்கும் நெல்லுக்கு அளவுகோலாக உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். காட்டு நெல்லிலிருந்து விடிந்ததும் பூக்கும் குணத்தை எடுத்து, வெயில் ஏறுவதற்குள் பூ மூடிவிடும்படி ரகம் உருவாக்கும் வேலையும் நடந்திருக்கிறது. வெப்பத்தைத் தாங்குவதைவிட அதற்கு முன்பே எழுந்துகொள்வது சுலபம். என் தாத்தாவும் அப்படித்தான் வயலுக்குப் போவார்.

டானிக் விஷயத்தைக் கொள்ளிடக்கரை சொல்லட்டும்.

கொள்ளிடக்கரை, மாலை 5.15

சுருக்கமாக. எச்எஸ்பி70 பெரிய மூலக்கூறு. இலையின் மெழுகுப் படலம், செல்சுவர், செல்சவ்வு மூன்றையும் தாண்டித் தெளிப்பில் உள்ளே போகாது. போனது என்றே வைத்துக்கொண்டாலும் எச்எஸ்பி40, ஏடிபி, மற்ற கூட்டாளிகள் எல்லாம் சரியான இடத்தில் இருக்க வேண்டும். அதற்கெல்லாம் முன்பு, புரதம் கலந்த பாட்டில் மே மாதத்தில் கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைக்கப்பட்டிருந்ததா என்று கேளுங்கள். அந்தப் பாட்டிலுக்கே ஒரு செவிலி தேவைப்பட்டிருக்கும்.

பதர்க்காரன், இரவு 8.20

தாழ்வாரத்தில் மீதி அரைப் பாட்டில் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் வெள்ளையாகத் திரிதிரியாகப் படிந்திருக்கிறது. குலுக்கினால் கலங்குகிறது, கீழே வைத்தால் மறுபடி படிகிறது. அது புரதமா வேறெதுவுமா என்று எனக்குத் தெரியாது. அப்பாவிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “அந்த நான்கு நாளுக்குச் சித்தப்பாவிடம் தண்ணீர் கேட்டிருக்கலாம்” என்றார். அவர்கள் இருவரும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை, அது வேறு கதை.

வரும் ஆண்டு கோடை நெல் இல்லை. தாளடி அறுப்புக்கு முன் உளுந்து தெளித்துவிடுவதாக முடிவு. அப்பாவின் கண்ணைக் காட்டத் திங்கட்கிழமை மயிலாடுதுறை வருகிறோம். கண்ணாடிக்காரர் ஐயா, காலையில் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?

கண்ணாடிக்காரர், இரவு 8.41

ஒன்பதரைக்கு. பழைய கண்ணாடி இருந்தால் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தமிழாசிரியை, இரவு 8.50

உளுந்து வந்ததும் எனக்கு ஒரு மரக்கால் எடுத்து வையுங்கள் தம்பி. விலைக்குத்தான்.